நெடுஞ்சாலை கேமரா தொகுப்பு விமர்சனம்: ஒரே கண்ணுக்கு மூன்று வேலை வேண்டாம்

நெடுஞ்சாலைக் கண்காணிப்புக்கு என்று விற்கப்படும் தொகுப்புகளில் பெரும்பாலும் நான்கு உறுப்புகள் இருக்கும். கம்பத்தின் உச்சியில் பக்கவாட்டிலும் மேலும் கீழும் சுழன்று ஜூம் செய்யும் பி.டி.இசட் கேமரா, வண்டி எண்ணைப் படிக்கும் நிலைக் கேமரா, நின்றுபோன வண்டியையும் எதிர்த்திசையில் வரும் வண்டியையும் தானே கண்டு எச்சரிக்கும் மென்பொருள், கம்பத்தடியில் மின்சாரமும் நெட்வொர்க்கும் அடங்கிய பெட்டி. ஒவ்வொன்றும் தன் வேலையில் நன்றாகவே தேறியிருக்கிறது. செலவைக் குறைக்க ஒரே கேமராவை மூன்று வேலைக்கும் மாட்டும்போதுதான் தொகுப்பு தோற்கிறது.

சுழலும் கேமராவுக்கு 2 மெகாபிக்ஸலும் 30 மடங்கு ஆப்டிகல் ஜூமும் போதும். முழு ஜூமில் பார்வைக் கோணம் சுமார் 2.3 பாகைக்குச் சுருங்கும். 500 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 20 மீட்டர் அகலம் திரையை நிறைக்கும். அங்கே நடந்தது விபத்தா, டயர் வெடித்த லாரியா, சிதறிய சரக்கா என்று கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் பிரித்தறிய இது தாராளம். தொல்லை கம்பத்தில் இருக்கிறது. காற்றில் கம்பத்தின் தலை 0.1 பாகை அசைந்தாலே அந்தத் தொலைவில் படம் 87 சென்டிமீட்டர், அதாவது 80 பிக்ஸலுக்கு மேல் தள்ளிப்போகும். மென்பொருள் வழி நிலைப்படுத்தல் படத்தின் ஓரத்தை வெட்டித்தான் அசைவை மறைக்கிறது. கம்பம் விறைப்பாக இல்லாவிட்டால் அது ஒட்டுப்போடும் வேலைதான். நாள் முழுக்கத் தானாகச் சுற்றும் 'டூர்' போட்டுவைப்பதும் கூடாது. மோட்டாரும் பெல்ட்டும் தேய்ந்து, சேமித்துவைத்த பிரீசெட் கோணங்கள் மெல்ல நகர்ந்துவிடும். தானியங்கிக் கண்டறிதலை இந்தக் கேமராவில் ஏற்றுவது வீண். ஆபரேட்டர் ஜாய்ஸ்டிக்கைத் தொட்ட நொடியிலேயே மென்பொருளுக்குப் பழக்கிக் கொடுத்த காட்சி மாறிவிடுகிறது.

அதிகம் ஏமாற்றம் தருவது எண் படிக்கும் கேமராதான். அதில் பெரும்பாதி ஏமாற்றம் பொருத்தும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. முதலில் பிக்ஸல் கணக்கு. நம்பர் பிளேட்டின் அகலம் அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் சுமார் 130 பிக்ஸலாவது விழவேண்டும். அப்படியானால் மீட்டருக்கு 260 பிக்ஸல். 1920 பிக்ஸல் அகலமுள்ள படம் சாலையில் 7.4 மீட்டரை மூடும். 3.5 மீட்டர் தடங்கள் இரண்டுக்கு ஒரு கேமரா என்று விற்பவர் சொல்வது இந்தக் கணக்கை நம்பித்தான். ஆனால் தடம் மாறும் வண்டி, ஓரத்தில் ஒட்டிச் செல்லும் இருசக்கர வண்டி, பொருத்தும்போது அரைப் பாகை தவறிய கோணம் எதற்கும் இதில் இடமில்லை. தடத்துக்கு ஒரு கேமரா, பக்கத்துத் தடத்தின் மேலும் சற்றே படியும் பார்வை: இதுதான் தாங்கும் அமைப்பு.

அடுத்தது ஷட்டர் வேகம். மணிக்கு 120 கிலோமீட்டரில் வண்டி விநாடிக்கு 33.3 மீட்டர் ஓடுகிறது. ஷட்டர் 1/250 விநாடி திறந்திருந்தால் அதற்குள் 13 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000 என்றால் 33 மில்லிமீட்டர். கேமரா மேலிருந்து ஏறத்தாழ 20 பாகையில் எதிர்கொண்டு பார்ப்பதால், அந்த நகர்வில் மூன்றில் ஒரு பங்குதான் படத்தில் குழைவாகத் தெரியும், அதாவது 11 மில்லிமீட்டர். எழுத்தின் கோடு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிப்பு என்றால், 1/1000 எல்லைக்கோட்டில் நிற்கிறது. 1/2000 வைத்தால்தான் நிம்மதி. அதற்கு இரவில் வெளிச்சம் வேண்டும். ஷட்டரோடு இசைந்து துடிக்கும் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கும், அந்த அலைநீளத்தை மட்டும் விடும் பில்டரும் சேர்ந்தால் ஹெட்லைட்டின் கூச்சம் அடங்கி, ஒளி திருப்பும் பிளேட் பளிச்சென்று எழும். வெறும் பெயின்டால் எழுதிய பிளேட், சேறு படிந்த பிளேட் ஆகியவற்றுக்கு இந்த உத்தி உதவாது. வண்டியின் நிறத்தையும் வகையையும் காட்ட ஒரு வண்ணக் கேமராவும் பக்கத்தில் வேண்டும்.

கேமராவைச் சாலையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் வைத்து, படிக்கும் இடத்தை 18 மீட்டர் முன்னால் எடுத்துக்கொண்டால் கோணம் 18 பாகை வரும், நல்ல அளவு. 30 பாகையைத் தாண்டினால் எழுத்துகள் நசுங்கும். படிக்கும் பகுதியின் ஆழம் 6 மீட்டர் என்றால் 120 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதில் இருப்பது 0.18 விநாடி. விநாடிக்கு 25 படம் எடுக்கும் கேமராவுக்கு நான்கைந்து வாய்ப்புதான் கிடைக்கும், 50 படம் எடுப்பதற்கு ஒன்பது. விலை கொஞ்சம் கூடினாலும் பின்னதை வாங்குவதே சரி.

பகலில் போகஸ் செய்துவிட்டு இறங்கிவருவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அகச்சிவப்பு ஒளி குவியும் புள்ளி வேறு. அதற்கெனத் திருத்தப்படாத லென்ஸ் என்றால் இரவில் எல்லாப் பிளேட்டும் மங்கலாகிவிடும். பொழுது சாய்ந்த பிறகு, விளக்கு எரியும் நிலையில் போகஸ் செய்து பூட்டவேண்டும். கிழக்கு மேற்காக ஓடும் சாலையில் காலையோ மாலையோ சூரியன் நேராக லென்ஸுக்குள் இறங்கும். அங்கே வண்டியின் பின்பக்கத்தைப் படிக்கும்படி கேமராவைத் திருப்பி வைத்தால் கூச்சம் மறுபொழுதுக்கு மாறுமே தவிர, முற்றிலும் நீங்காது.

இரண்டு இடங்களில் எண்ணைப் படித்து சராசரி வேகம் கணக்கிடுவதென்றால் கடிகாரமே உயிர். 3 கிலோமீட்டர் இடைவெளியை 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 108 விநாடி ஆகும். இரு முனைக் கடிகாரங்களும் ஒரு விநாடி மாறினால் பிழை ஒரு சதவீதத்துக்குள் நிற்கும். அதே ஒரு விநாடி 300 மீட்டர் இடைவெளியில் ஒன்பது சதவீதப் பிழை. ஒவ்வொரு கம்பத்திலும் ஜி.பி.எஸ். நேரம் வேண்டும். தொடர்பு அறுந்த கேமரா, நேரம் உறுதியில்லாத பதிவை ஒதுக்கிவிடவும் வேண்டும். தூரத்தை வண்டி போகக்கூடிய மிகக் குறுகிய பாதையில் அளப்பதே நேர்மை. வளைவின் உள் தடத்தில் போகிறவருக்குத் தூரம் குறைவு. நடுக்கோட்டில் அளந்தால் கணக்கில் அவர் வேகம் கூடுதலாக வந்து, செய்யாத குற்றத்துக்கு நோட்டீஸ் போகும்.

தானியங்கிக் கண்டறிதல் மென்பொருளை எடைபோட ஒரே எண் போதும்: பொய் எச்சரிக்கை. 40 கேமரா, ஒவ்வொன்றும் நாளுக்கு 10 பொய் என்றால் 400. ஏறத்தாழ மூன்றரை நிமிடத்துக்கு ஒன்று. சில நாளில் ஆபரேட்டர் ஒலியை அணைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. நனைந்த சாலையில் ஹெட்லைட்டின் பிரதிபலிப்பு, மரநிழல், கம்பத்தின் ஆட்டம் மூன்றும்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம். வெப்பக் கேமராவுக்கு நிழலும் விளக்கும் தெரியாததால் சுரங்கப் பாதைக்கும் பாலத்துக்கும் அது மிகப் பொருத்தம், எண்ணும் நிறமும் அதில் தெரியாது என்றாலும். மூடுபனி அடிக்கடி இறங்கும் இடத்துக்கு 76–77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் இன்னும் மேல். நின்ற வண்டியை அது கண்டு சொல்ல, சுழலும் கேமரா அந்தப் பக்கம் திரும்பி உறுதிப்படுத்தட்டும்.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக. நெட்வொர்க்குக்கான செம்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் ஓடாது. அதற்கு அப்பால் ஃபைபர். பேட்டரி வெயிலில் வேகமாகச் சாகும்: ஈய அமில வகையின் ஆயுள் 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகும். மின்னல் காப்பும் நல்ல எர்த்தும் இல்லாத கம்பம் ஒரே மழைக்காலத்தில் கேமராவைப் பறிகொடுக்கும். விநாடிக்கு 4 மெகாபிட் வீதத்தில் ஒரு கேமரா நாளுக்கு 43 ஜி.பி., 30 நாளுக்கு 1.3 டி.பி. சேமிப்பை உண்ணும்.

வாங்குமுன் சோதிக்கும்போது "99 சதவீதத் துல்லியம்" என்றால் எதில் என்று கேளுங்கள். அது ஓர் எழுத்துக்கான துல்லியமாக இருந்தால், பத்து எழுத்துள்ள எண் முழுவதும் சரியாக வரும் வாய்ப்பு 90 சதவீதம்தான். படம் பிடிப்பதில் 95, படித்ததில் 95 என்றாலும் பெருக்கினால் 90. சராசரி வேகத்துக்கு இரு முனையும் சேர வேண்டும் என்பதால் 81. பகல், இரவு, மழை ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரப் பதிவை மனிதரே எண்ணி, மென்பொருளின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மூன்று எண்ணிக்கையையும் கூட்டிச் சராசரி எடுக்க விடாதீர்கள். இரவுத் தோல்வி பகலின் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

பராமரிப்பில், விளக்கும் லென்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் வகையைத் தவிர்க்கவும். அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். வலை கண்ணாடியின் முன்னாலேயே கட்டப்படும். விளக்கு ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். உருண்டைக் கவசத்தைவிட வைப்பர் பொருத்திய தட்டைக் கண்ணாடி நல்லது, ஏனெனில் டீசல் புகைப் படலத்தை மழை கழுவாது. கேமராவைக் கீழே இறக்கும் வசதியுள்ள கம்பம் முதலில் கூடுதல் விலை கேட்கும். ஆனால் சாதாரணக் கம்பத்தில் ஒவ்வொரு துடைப்புக்கும் தடத்தை மூடி, கிரேன் நிறுத்தி, ஆளை உயரே ஏற்ற வேண்டும்; அந்தச் செலவை ஐந்தாண்டுக்குக் கணக்கிட்டு, டெண்டர் ஒப்பீட்டில் இரண்டு விலையையும் அருகருகே வைக்கச் சொல்லுங்கள்.