வால்பாறைக்குப் பஸ்ஸில் போங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வால்பாறை பார்க்க வாடகைக் கார் தேவையில்லை. பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் அரசு பஸ் ஏறி ஜன்னலோர இருக்கை பிடித்தால் போதும். ஏறத்தாழ 64 கிலோமீட்டர் பயணம். ஆழியாறு அணையைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் காட்சிமுனையை ஒட்டிய பாறைச் சரிவில் வரையாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கண்டக்டரே கைகாட்டி, வெளிநாட்டில் வளர்ந்த என் மகளுக்குக் கிடா எது, பெட்டை எது என்று சொல்லிக்கொடுத்தார். காரில் வந்திருந்தால் டிரைவர் வளைவை மட்டும்தான் பார்த்திருப்பார்.

காரில்தான் போவேன் என்பவர்கள் இணையத்தில் இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் இது கட்டாயம், கட்டணம் கிடையாது. இந்தியக் கைபேசி எண் இல்லாதவர்கள் உறவினர் எண்ணைக் கேட்டு வாங்கி, கிளம்புவதற்கு முன்பே பதிந்துவிடுவது நல்லது. ஆழியாறு சோதனைச் சாவடியில் பாஸ் இல்லாமல் வந்த ஒரு குடும்பம், சிக்னல் கிடைக்காத போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

தங்கிய இடத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. இணையத்தில் பார்த்த படத்துக்கும் அறைக்கும் சம்பந்தமே இல்லை. வெந்நீர் வாளியில் வந்தது, அதுவும் கேட்டுக் கேட்டு. போதாததற்கு, ராத்திரி ஜீப்பில் கூட்டிப்போய்ச் சிறுத்தை காட்டுவதாக ஆள் பிடித்தார்கள். காட்டு விலங்கின் மேல் விளக்கடித்து விரட்டிப் பார்ப்பதற்குச் சட்டமும் இடம் தராது, எனக்கும் மனம் வரவில்லை. மறுத்துவிட்டேன்.

புதுத்தோட்டம் பக்கம் பகலில் சும்மா நின்றாலே போதும், சிங்கவால் குரங்குகள் தெரியும். அவை சாலையில் அடிபடாமல் மரத்துக்கு மரம் கடக்க மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். கீழே நம் ஆட்கள் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டி அவற்றைத் தரைக்கு இறக்குகிறார்கள்.

நான் மெச்சுவது யானைக்கான ஏற்பாட்டை. சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாகச் சோலைகள். யானைகள் அவற்றினூடே நடந்துகொண்டே இருக்கும். முன்பு உயிரிழந்தவர்களில் பலர், யானை நிற்பது தெரியாமல் இருட்டில் நடந்துபோய் எதிர்ப்பட்டவர்கள். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர் வனத்துறையோடு சேர்ந்து, யானை எங்கே நிற்கிறது என்ற தகவலை முதலில் கேபிள் டிவியில் ஓட விட்டார்கள். 2011 முதல் குறுஞ்செய்தியும் அனுப்பினார்கள். கூடவே, யானை பக்கத்தில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்குகள். அவற்றைப் போன் மூலம் போடுவதும் அணைப்பதும் எஸ்டேட் மக்களே. இந்தப் பணிக்காக அந்த அமைப்பின் ஆனந்தகுமார் 2015-இல் விட்லி விருது என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு விருது பெற்றார்.

அதன் பலனை நேரிலேயே பார்த்தேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீட்டில் சித்தியைப் பார்த்துவிட்டு மாலையில் கிளம்பினோம். எதிர் மேட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. "இனிமேல் கிளம்ப வேண்டாம், காலையில் போய்க்கொள்" என்று சித்தி செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். விவாதமே இல்லை. நாங்கள் காசு கொடுத்த எந்தச் சேவையும் இவ்வளவு சரியாக வேலை செய்யவில்லை.

ஆறுகளுக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதாகத் தெரியவில்லை. கூழாங்கல் ஆற்றில் முழங்கால் தண்ணீரில் குழந்தைகள் விளையாடலாம், அழகான இடம்தான். ஆனால் இங்குள்ள ஆறுகளில் பாறைக்குப் பாறை ஆழம் மாறும், மேலே மழை பெய்தால் இங்கே வெள்ளம் வரும். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பகுதியில் ஆற்றில் இறங்கிய 5 கல்லூரி மாணவர்கள் இறந்துபோனார்கள். கரையில் பஜ்ஜிக் கடைகளுக்குக் குறைவில்லை. காவலுக்கு ஒருவரையும் காணோம். பெண்கள் உடை மாற்ற நல்ல இடமும் இல்லை. இ-பாஸில் வண்டிகளை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, எத்தனை கழிப்பறை வேண்டும் என்ற கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சோலையாறு அணை வழியாக மழுக்குப்பாறை, அதிரப்பள்ளி என்று கேரளத்துக்குள் இறங்குவதாக இருந்தால் காலையிலேயே கிளம்புங்கள். அது காட்டுச் சாலை, இருட்டிய பிறகு சோதனைச் சாவடியில் விட மாட்டார்கள். வண்டியை நடுவில் நிறுத்திச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவும் கூடாது.