ஹீட்டரில் குளிர்காற்று: காயிலைக் கழுவுவதா, மாற்றுவதா, பைபாஸ் போடுவதா?

“உச்சிப்புளிக்காரனுக்கு கார் ஹீட்டர் எதுக்கு மாப்ள?” என்று மச்சான் கேட்டான். நியாயமான கேள்விதான். ஏசியை அணைக்கவே யோசிக்கிற ஊர் எங்களுடையது. ஆனால் போன மார்கழியில் குடும்பத்தோடு கொடைக்கானல் போனபோது, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும் மழையும் மூட்டமும் பிடித்துக்கொண்டன. உள்ளே ஐந்து பேர் மூச்சில் கண்ணாடி முழுக்க வெள்ளை. குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினேன். வந்ததோ ஐஸ் காற்று. ஏசியைப் போட்டால் மூட்டம் கொஞ்சம் விலகியது, ஆனால் பின்னால் பிள்ளைகளுக்குப் பல் கிட்டியது. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வர, முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பிடித்தபடி மேலே போய்ச் சேர்ந்தோம்.

ஊர் திரும்பியதும் மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில். ராமநாதபுரத்தில் ஒருவர் காயிலை, அதாவது எஞ்சினின் சூட்டுத் தண்ணீர் ஓடி உள்ளே வரும் காற்றைச் சூடாக்குகிற பாகத்தை, மாற்றச் சொன்னார். மண்டபத்தில் ஒருவர், “பைபாஸ் போட்டுட்டு மறந்துருங்கண்ணே” என்றார். மூன்றாமவர் கழுவிப் பார்க்கலாம் என்றார். நான் கழுவினேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எதைச் செய்வதென்று முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சின் அறையிலிருந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் போகிற இரண்டு ஹோஸையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் காயிலில் குறையில்லை. உள்ளே காற்றைத் திருப்பிவிடும் ஃப்ளாப் சிக்கியிருக்கும். இரண்டும் ஆறியிருந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவு, ஏர் லாக் (குழாயில் காற்று அடைத்துக்கொள்வது), அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு). தெர்மோஸ்டாட் கோளாறென்றால் நெடுஞ்சாலையில் எவ்வளவு ஓட்டினாலும் சூட்டு முள் வழக்கமான அளவுக்கு ஏறாது. ஒன்று சூடு, மற்றொன்று வெதுவெதுப்பு என்றால் காயில் அடைத்திருக்கிறது. சில கார்களில் அந்தப் பாதையில் ஒரு வால்வு உண்டு, அது திறக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். என் காரில் வால்வு இல்லை. ஒரு ஹோஸ் சுட்டது, மற்றது சுடவில்லை.

காயிலை மாற்றுவதில் பாகத்தின் விலை பெரிதில்லை, கூலிதான் பெரிது. பல கார்களில் டேஷ்போர்டு முழுவதையும் இறக்கினால்தான் காயிலுக்குக் கை போகும். நண்பன் ஒருவனின் காரில் அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இரண்டு நாள் ஆனது. அதற்கப்புறம் மேடு பள்ளத்தில் எங்கிருந்தோ ஒரு கிரீச் சத்தம், இன்னும் போகவில்லை. நல்ல கைப்பக்குவம் உள்ளவரிடம் கொடுத்தால் இப்படி ஆகாமலும் இருக்கலாம். காயில் ஒழுகினால் மட்டும் வேறு பேச்சே இல்லை. காருக்குள் தித்திப்பான வாடை, கால்மிதிக்கு அடியில் ஈரம், முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம், இதெல்லாம் ஒழுகலின் அடையாளம். அப்போது கழுவுவது வீண்செலவு.

பைபாஸ் என்பது இரண்டு ஹோஸையும் காயிலிலிருந்து பிடுங்கி, ஒன்றோடொன்று ‘யு’ வடிவத்தில் சேர்த்துவிடுவது. அரை மணி நேர வேலை. எங்கள் வெயிலுக்கு ஆசை காட்டுகிற வழிதான். ஆனால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஃபேனை வேகமாக ஓட விட்டால், எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு காருக்குள் இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், ஆனாலும் ஓரங்கட்ட இடம் கிடைக்கும்வரை வண்டியைக் கொண்டுபோய்விடலாம். பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதன் நடுவில் முள் ஏறினால் அந்த ஹீட்டர்தான் துணை. அதை இழக்க எனக்கு மனசில்லை.

இனி கழுவும் கதை. அதைவிட, காயில் ஏன் அடைத்தது என்கிற கதை.

எங்கள் கடற்கரையோரம் போர் தண்ணி பெரும்பாலும் உவர்ப்பு. குடிக்கக் காவிரித் தண்ணீருக்கோ கேன் தண்ணிக்கோ காத்திருக்கிற நாம், ரேடியேட்டருக்கு மட்டும் எந்தக் குழாயில் வந்தாலும் பிடித்து ஊற்றிவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். அந்தத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து, சூடான இடங்களில் வெள்ளைப் பொருக்காகப் படியும். வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடியில் பார்த்திருப்பீர்களே, அதேதான். உப்பு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஹீட்டர் காயில் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். குழாய்கள் மெல்லியவை, எனவே அடைப்பு முதலில் அங்கேதான். நான் கழுவும் பக்கம் போனதற்கு இதுதான் காரணம். புதுக் காயிலே போட்டாலும் அதே குழாய்த் தண்ணீரை ஊற்றினால், சில வருடங்களில் அதுவும் அடைக்கும். டேஷ்போர்டை மறுபடி இறக்க வேண்டியதுதான்.

மெக்கானிக் இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர் வழக்கமாக வெளியேறும் பக்கத்திலிருந்து தோட்டத்து ஹோஸால் எதிர்த்திசையில் மெதுவாகப் பாய்ச்சினார். கம்பிரஸரில் வேகமாக அடித்தால் காயில் பிளந்துவிடும். முதலில் கடுங்காப்பி நிறத்தில் துரு, அப்புறம் வெள்ளைச் செதில்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்ரிக் ஆசிட் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்தோம். பாத்ரூம் ஆசிட்டை யார் சொன்னாலும் ஊற்றாதீர்கள், அலுமினியத்தைத் தின்றுவிடும். ரேடியேட்டரையும் வடித்துக் கழுவினோம், இல்லாவிட்டால் அதிலிருக்கிற கசடு திரும்பக் காயிலுக்கே வரும். கடைசி அலசலுக்கு பேட்டரி கடை டிஸ்டில்ட் வாட்டர். நிரப்பியது தண்ணீர் கலக்கத் தேவையில்லாத ரெடிமிக்ஸ் கூலன்ட். காற்று வெளியேற, வண்டியின் முகப்பை மேட்டில் ஏற்றி நிறுத்தி, எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும்வரை ஓட விட்டோம். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.

அதன்பின் ஒருமுறை கொடைக்கானல், ஒருமுறை மூணாறு போய் வந்தோம். சூடு நன்றாக வருகிறது, புதுக் காயில் அளவுக்கு என்று சொல்லமாட்டேன். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் தணிந்து, ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் திரும்புகிறது. மிகப் பழைய வண்டி என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு: ஊசித் துளையை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தப் பொருக்காக இருந்தால், கழுவியதும் ஒழுக ஆரம்பிக்கும். அப்புறம் மாற்றத்தான் வேண்டும்.

இப்போது டிக்கியில் ஒரு லிட்டர் ரெடிமிக்ஸ் எப்போதும் இருக்கிறது. ஜூஸ் மாதிரி பச்சையாக இருக்கும், தித்திக்கும், ஆனால் விஷம். பிள்ளைகளுக்கு எட்டாமல் பழைய சாக்கில் சுற்றி, ‘குடிக்கக்கூடாது’ என்று மூடிமேல் எழுதி ஒட்டியிருக்கிறேன். மச்சான் அதைப் பார்த்துவிட்டு, “தண்ணிக்கே வழியில்லாத ஊர்ல வண்டிக்கு மட்டும் கலர் தண்ணி” என்று சிரித்தான்.