மாத்தூர் பக்கம் பாம்பு பிடிக்க வரும் தம்பி: எங்கள் வீட்டு அனுபவம்

வடசென்னையில் மாத்தூர், மணலி, மாதவரம் பால்பண்ணை வட்டாரத்தில் வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் நம்பிக் கூப்பிடக்கூடிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயரும் போன் நம்பரும் போடவில்லை. பொதுவில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். பகலில் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை, பாம்பு பிடிப்பது அதற்கு மேல். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் வருகிறார், பிடித்ததை அவர்களிடமே ஒப்படைக்கிறார். வேலை சுத்தம். ஆனால் அவர் கிளம்பிய பிறகு எங்கள் தெருவில் நடந்த பேச்சுதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

எங்களுடையது தரைத்தள வீடு. பின்பக்கம் காலி மனை, முழுக்க சீமைக்கருவேலம். மழை வந்தால் அங்கே தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் எலியும் தவளையும் மேட்டுக்கு ஏறும், அதன் பின்னாலேயே பாம்பும் ஏறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தைப் பார்த்த மணலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி, காயப்போட்ட துணி எடுக்கப் பின்கட்டுக்குப் போன என் மகள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே நல்ல பாம்பு, படம் எடுத்து நிற்கிறது. மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் கம்பியோடு ஓடிவந்தான். அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டு, தங்கை கொடுத்து வைத்திருந்த நம்பருக்கு அடித்தேன்.

"அக்கா, யாரும் கிட்ட போகாதீங்க. தூரத்துல நின்னு அது எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் ஒருத்தர் பாருங்க. உள்கதவுக்குக் கீழ ஈரத் துணியை வெச்சு அடைங்க. கம்பு கிம்பு எதுவும் வேணாம்" என்றார். சடையங்குப்பத்தில் இன்னொரு வீட்டில் இருந்ததால் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரம் கொடுமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நடுவில் இரண்டு தடவை அவரே போன் செய்து, பாம்பு இன்னும் அங்கேயே இருக்கிறதா, குழந்தைகள் எங்கே என்று கேட்டார்.

வந்தவர் முதலில் பாம்பைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். கழிவுநீர் போகும் ஓட்டை எங்கே, எந்தச் சந்தில் அது நழுவ முடியும், தன் கால் எதில் இடறும் என்று டார்ச் அடித்துப் பார்த்தார். செருப்பு, வாளி, கோலமாவு டப்பா எல்லாவற்றையும் ஒதுக்கச் சொன்னார். பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். எங்கள் எல்லோரையும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்க வைத்தார். வீடியோ எடுக்க மொபைலைத் தூக்கிய பையனிடம், "அதை உள்ள வை தம்பி, உன்னைப் பாத்துக்கிட்டு என்னால வேலை செய்ய முடியாது" என்றார்.

காலில் முழங்கால் வரைக்கும் கம்பூட்ஸ். கையில் நீளமான இரும்புக் கொக்கி ஒன்று. இன்னொரு கையில் கறுப்பு பிவிசி குழாய். அதன் ஒரு முனையில் தடித்த துணிப்பை ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. குழாயின் திறந்த வாயைச் சுவரோடு ஒட்டி, பாம்புக்கு நேராகத் தரையில் வைத்தார். கொக்கியால் வால் பக்கம் லேசாக, தள்ளுவது போலக்கூட இல்லை, தொட்டுத் தொட்டு எடுத்தார். அப்புறம் அசையாமல் நின்றார். விரிந்திருந்த படம் மெதுவாகச் சுருங்கி, கழுத்து மறுபடி உடம்பின் கனத்துக்கு வந்தது. தலை தாழ்ந்தது. குழாயின் விளிம்பை நாக்கால் தடவிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. மறுபடி வந்தது. பாதி உடம்பு உள்ளே போன பிறகும் அவர் அவசரப்படவில்லை. வால் நுனி மறைந்ததும் குழாயை நிமிர்த்தி, துணிப்பை கனத்துத் தொங்குவதைப் பார்த்த பிறகே பையின் கழுத்தை முறுக்கிக் கட்டினார். காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் டிரம்முக்குள் பை போனது. அவர் கை பாம்பின் மேல் ஒரு தடவைகூடப் படவில்லை. பயந்த பாம்பு இருட்டான பொந்தைத் தேடும், நாம் அந்தப் பொந்தைக் காட்டினால் போதும், அதுவே போய்விடும் என்றார்.

டீ குடிக்கும்போதுதான் கவனித்தேன், வலது ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "கண்ணாடி விரியன்க்கா. அப்பல்லாம் வாலைப் பிடிச்சுத் தூக்கி வீடியோ போடுவேன். நிறைய லைக் வரும். கடிச்சதுல சதை அழுகி விரலை எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியில என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசல. அதுக்கப்புறம் கையால பிடிக்கிறதை விட்டுட்டேன்."

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனதும் எதிர்வீட்டு அண்ணன் ஆரம்பித்தார். "ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க இருக்காம் அவனுக்கு. ஏதோ எண்ணூறு ரூபாய்க்கு உயிரைப் பணயம் வைக்கிறான். இது சேவையாம்மா? பொறுப்பில்லாத்தனம். குடும்பத்துக்குப் பண்ற துரோகம்." அந்த அண்ணன் கெட்டவர் இல்லை; அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் பேசினார். தெருவில் பாதிப் பேர் ஆமாம் போட்டார்கள். என்னால் போட முடியவில்லை.

என் கணவர் டிரெய்லர் ஓட்டுகிறார். ஹார்பரிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க ரோட்டில் இருப்பவர். காசிமேட்டில் போட் ஏறுகிற என் தம்பி, வலையில் சிக்கிய கடல்பாம்பைக் கையால் எடுத்துக் கடலில் வீசிவிட்டு அடுத்த வலையை இழுப்பான். அதன் விஷம் சாதாரண விஷமில்லை. மணலியில் ரிஃபைனரி வேலை, எண்ணூரில் அனல்மின் நிலைய வேலை. வடசென்னையில் ஆபத்தில்லாத சம்பளம் எத்தனை வீட்டுக்கு வருகிறது? அவர்களில் ஒருவரையும் நாம் பொறுப்பில்லாதவர் என்று சொல்வதில்லை, உழைப்பாளி என்கிறோம். பாம்பு என்றதும் மட்டும் ஏன் பேச்சு மாறுகிறது? ஆபத்து இருக்கிறதா என்று கேட்டால் எல்லா வேலையும் மாட்டும். அந்த ஆபத்தால் யாருக்கு என்ன கிடைக்கிறது, அதைக் குறைக்க அந்த ஆள் தன்னால் ஆனதையெல்லாம் செய்தாரா என்றுதான் நான் பார்க்கிறேன்.

முதலையோடும் பாம்போடும் டிவி நிகழ்ச்சி நடத்திய ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வினை நம் வீடுகளில் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையே உண்டு. 2006 செப்டம்பர் 4 அன்று ஆஸ்திரேலியாவில், ஆழமில்லாத கடலில் படப்பிடிப்பின்போது திருக்கை முள் நெஞ்சில் பாய்ந்து இறந்தார். வயது 44. மகளுக்கு எட்டு, மகனுக்கு இரண்டு. அப்போதும் உலகம் முழுக்க இதே பேச்சுதான், குடும்பஸ்தன் இப்படிச் செய்யலாமா என்று. நான் அந்த நாளைக் குறை சொல்ல மாட்டேன். திருக்கை முள் குத்தி மனிதர் சாவது ரொம்பவும் அபூர்வம். நான் குறை சொல்வது 2004 ஜனவரியை. பிறந்து ஒரு மாதமான மகனை ஒரு கையில் வைத்துக்கொண்டு, பார்வையாளர்கள் முன்னால் மறு கையால் முதலைக்கு இரை போட்டார். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை, ஆனாலும் அது தப்பு. அந்தக் குழந்தை அங்கே இருந்ததால் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை. உயிர் போனதா பிழைத்ததா என்பதை வைத்துப் பொறுப்பை அளந்தால் கணக்குத் தலைகீழாகிவிடும்.

கேரளாவில் பாம்பு பிடிக்கும் வாவா சுரேஷின் கதையும் தெரிந்திருக்கும். 2022 ஜனவரியில் கோட்டயம் அருகே, பிடித்த நாகத்தைச் சாக்கில் போடும்போது தொடையில் கடி வாங்கி, வென்டிலேட்டர் வரைக்கும் போய் மீண்டார். எத்தனையோ பேர் வீட்டைக் காத்தவர், அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கையால் பிடிக்கும் முறையைத்தான் பலரும் கேள்வி கேட்டார்கள். 2020லேயே கேரள வனத்துறை, பயிற்சியும் சான்றிதழும் இருந்தால்தான் பாம்பு பிடிக்கலாம் என்று கொண்டுவந்துவிட்டது. நம் பக்கத்தில் 2025 மார்ச்சில் கோவையில் பாம்பு மீட்கும் ஒருவர் நாகம் கடித்து இறந்தார். பல வருட அனுபவம் உள்ளவர். அந்தச் செய்தியை இப்போது நினைத்தால் எனக்கு இந்தத் தம்பியின் வெட்டுப்பட்ட விரல்தான் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்றையும் எதிர்வீட்டு அண்ணனிடம் சொன்னேன். நாளைக்கு நம் பிள்ளையைப் பாம்பு கடித்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அங்கே ஏற்றுகிற விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது? பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து எடுக்கிறார்கள். அதற்கு முதலில் விஷம் வேண்டும், விஷத்துக்கு யாராவது ஒருவர் பாம்பின் தலையைப் பிடிக்க வேண்டும். 1978 முதல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம் அந்த வேலையைச் செய்கிறது. நாட்டில் தயாராகும் மருந்தில் பெரும்பங்குக்கு விஷம் அங்கிருந்துதான் போகிறது. பிடித்த பாம்பைச் சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த இருளர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடா வரைக்கும் போய் வந்தவர்கள். 2000லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆய்வு சொல்கிறது, வருடத்துக்கு 58,000. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில்தான் ஒவ்வொரு பாம்புக்கடியையும் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயமானது. இவ்வளவு சாவு இருக்கும் நாட்டில் பாம்பைக் கையாளத் தெரிந்தவரைப் பொறுப்பில்லாதவர் என்றால், கம்பியோடு வந்த பக்கத்து வீட்டுப் பையனை என்ன சொல்வது? பாம்பை அடிக்கப் போகும்போது கடி வாங்குகிறவர்கள் கொஞ்சமா?

சரி, குறைகளுக்கு வருகிறேன். இந்தத் தம்பி தனியாக வருகிறார். எனக்கு இது பெரிய குறை. ராத்திரி பத்து மணிக்கு அவரைக் கடித்திருந்தால் வண்டி ஓட்டுவது யார்? எந்தப் பாம்பு என்று டாக்டரிடம் சொல்வது யார்? அவரிடமே நேராகக் கேட்டேன். "கூட வர்றவனுக்குக் கூலி குடுக்கணுமேக்கா" என்றார். காப்பீடும் இல்லை. ஏற்கெனவே கடி வாங்கியவர், வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். காப்பீடு இல்லாமல் இந்த வேலைக்கு அவர் இறங்கக் கூடாது. எதிர்வீட்டு அண்ணன் சொன்னதில் இந்த ஒரு இடத்தில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது, கட்டணம். "குடுக்கிறதைக் குடுங்கக்கா" என்கிறார். இது நல்ல மனசு, ஆனால் நல்ல ஏற்பாடு இல்லை. பெட்ரோல் செலவே நூறு இருநூறு ஆகும். அவசரத்தில் கூப்பிட்டுவிட்டு, பாம்பு வெளியே போனதும் ஐம்பது ரூபாயை நீட்டுகிற வீடுகள் இருக்கிறதாம். சாரைப்பாம்பு என்று தெரிந்தால் அதுவும் கிடையாதாம், "விஷமில்லாததுதானே" என்று. நான் எண்ணூறு கொடுத்தேன். குறைந்தது ஆயிரம் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

நம்பர் வேண்டுமென்றால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அவர் எடுக்காவிட்டால் தீயணைப்புத் துறைக்கு 101 அடியுங்கள், அவர்களும் பாம்பு பிடிக்க வருவார்கள். கூப்பிடும்போதே, கூட ஒருவரை அழைத்து வாருங்கள், அவருக்கும் சேர்த்து நான் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.