65 அங்குலமும் ஓர் அரக்குச் சேலையும்

காஞ்சிபுரம் காந்தி சாலையில் பட்டுக் கடை ஒன்றில் 22 வருடமாக விற்பனையில் இருக்கிறேன். மார்கழியில் முகூர்த்தம் இல்லை, கடையில் கூட்டமும் இல்லை. கடந்த மார்கழியில் கிடைத்த அந்த ஓய்வில் மூன்று மாலைகள் செலவழித்து, டி.வி. கடை ஒன்றில் ஒரு டி.வி.யைப் பார்த்தேன். 65 அங்குலம், 4கே, கியூ.எல்.இ.டி. பெட்டியில் அச்சிட்ட விலை 1,09,990 ரூபாய், பொங்கல் தள்ளுபடி விலை 54,990. எங்கள் வீட்டு 32 அங்குல டி.வி. பன்னிரண்டு வருடம் உழைத்துவிட்டு ஐப்பசி மழையில் நின்றுபோனது. அம்மாவுக்கு 74 வயது, இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை ஆனவர். நான் கடையில் இருக்கும் பகல் முழுவதும் அவருக்குத் துணை அந்த டி.வி.தான். எனவே கவனமாகப் பார்த்து வாங்க நினைத்தேன்.

முதலில் விலை. அச்சிட்ட விலை என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற வரம்பு. இதுவரை அந்த விலைக்குத்தான் விற்றார்கள் என்று பொருள் இல்லை. என்னிடம் அந்த டி.வி. கடையின் ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் இருந்தது. பரணில் பாத்திரம் சுற்றி வைத்திருந்த காகிதம். அதில் இதே மாடல் 59,990 ரூபாய். அப்போது 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதமாகக் குறைந்தது. ஆடி விலையிலிருந்து பழைய வரியைக் கழித்துப் புதிய வரியைச் சேர்த்தால் 55,300 ரூபாய் வருகிறது. ஆக, ஆடிக்கும் பொங்கலுக்கும் இடையில் கடை தன் பங்குக்குக் குறைத்தது ஏறக்குறைய 300 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் என் மனதிலிருந்த பரபரப்பு அடங்கியது. பொருள் நல்லதாக இருந்தால் 54,990 நியாயமான விலைதான். ஆனால் இன்று விட்டால் கிடைக்காது என்ற விலை அல்ல.

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டையும் படித்தேன். தயாரித்த மாதம் ஜூன் 2024. ஒன்றரை வருடம் கிடங்கில் இருந்த சரக்கு. அதனால் மட்டும் திரை கெட்டுவிடாது. உத்தரவாதமும் பில் தேதியிலிருந்துதான் தொடங்கும். ஆனாலும் ஏன் இதை முன்னால் தள்ளுகிறார்கள் என்பதற்கு விடை அந்தச் சீட்டிலேயே இருந்தது.

இனிப் படம். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் கடை விளக்கில் சேலையை எடுத்துவிட மாட்டார்கள். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். மஞ்சள் விளக்கில் ஜரிகை எரிவதுபோல் மின்னும், அரக்கு ஒரு சாயல் கூடித் தெரியும். வெயிலில்தான் உண்மை நிறம். டி.வி. கடையிலும் அதே விளக்கு வேலை நடக்கிறது. வரிசையாக மாட்டியிருந்த எல்லாத் திரைகளிலும் கிளியும் பழமும் நீர்வீழ்ச்சியும் ஓடிக்கொண்டிருந்தன. வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் வைத்த ‘விவிட்’ அமைப்பு. அந்தக் கிளியைப் பார்த்து யாரும் டி.வி.யை எடை போட முடியாது.

இரண்டாம் நாள் ஒரு பென் டிரைவில் எங்கள் கடைச் சேலைகளின் படங்களைப் போட்டு எடுத்துப் போனேன். வாசல் வெளிச்சத்தில் நானே கைப்பேசியில் எடுத்தவை. கூடவே என் சொந்த அரக்குச் சேலையையும் பையில் கொண்டுபோனேன். விற்பனைத் தம்பி பொறுமைசாலி. “ஸ்டாண்டர்டு அமைப்பில் வையுங்கள் தம்பி” என்றதும் மறுக்காமல் மாற்றிக் கொடுத்தார். சேலையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். விவிட்டில் அரக்கு செங்கல் நிறத்துக்கு ஓடியிருந்தது. ஸ்டாண்டர்டில் திரும்பி வந்தது. நேராக நின்று பார்த்தபோது 65 அங்குலத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. மாம்பழ மஞ்சளுக்கும் அதன் கரைக்கும் இடையில், இரண்டையும் இணைத்து நெய்யும் கோர்வை பல் பல்லாகத் தெரிந்தது. அந்த நிமிடம் வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தது.

பிறகு இடப்பக்கம் நான்கு அடி தள்ளிப் போய் நின்றேன். எங்கள் கூடத்தில் அம்மாவின் கட்டில் இடது சுவரை ஒட்டி இருக்கிறது. அவர் எப்போதும் சாய்வாகத்தான் பார்ப்பார். அங்கிருந்து பார்த்தால் அதே அரக்கு, பலமுறை துவைத்த பருத்திப் புடவைபோல் வெளுத்துக் கிடந்தது. தம்பியிடம் கேட்டேன். இதன் பேனல், அதாவது படம் காட்டும் திரைத் தகடு, வி.ஏ. வகை என்றார். அதில் கறுப்பு ஆழமாக வரும், பக்கவாட்டில் நிறம் வெளுக்கும். இன்னொரு வகையான ஐ.பி.எஸ். பேனலில் பக்கத்திலிருந்தும் நிறம் நிற்கும், ஆனால் அறையை இருட்டாக்கினால் கறுப்பு சாம்பல் பூத்துவிடும். கியூ.எல்.இ.டி. என்ற ஒட்டுச்சீட்டு இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பின்விளக்கின் மேல் வரும் ஒரு நிறப் படலத்துக்கான பெயர் அது. இருட்டில் படம் பார்க்கும் வீட்டுக்கு வி.ஏ.தான் சரி. எங்கள் வீட்டில் ஜன்னல் திறந்திருக்கும், டி.வி. ஓடுவது பகலில்.

மூன்றாம் நாள் அம்மாவையே ஆட்டோவில் அழைத்துப் போனேன். எங்கள் கூடத்தில் கட்டிலுக்கும் டி.வி. மாட்டும் சுவருக்கும் எட்டு அடி. அளவு நாடாவை விரித்து அதே தூரத்தில் நாற்காலி போடச் சொன்னேன். கேபிளில் வருவதுபோல சாதாரண, எச்.டி. அல்லாத சேனலை வைக்கச் சொன்னேன். அந்தச் சேனலின் படத்தில் இருப்பது 576 வரி. 4கே திரையில் 2,160 வரி. மீதியை டி.வி. தானாக இட்டு நிரப்ப வேண்டும். 65 அங்குலத்தில் தொடர் நாயகியின் முகம் மெழுகு பூசியதுபோல் இருந்தது, புருவ ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு நடுக்கம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எழுத்து நன்றாகத் தெரிகிறது, முகம்தான் யாருடையது என்று தெரியவில்லை” என்றார். எச்.டி. சேனலுக்கு மாற்றியதும் முகம் வந்துவிட்டது. பெரிய திரை வாங்குகிறவர்கள் சேனல் கட்டணத்தையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும் என்பதை நான் அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அகலமும் ஒத்துவரவில்லை. 65 அங்குலம் என்பது மூலைக்கு மூலை. குறுக்கே 145 சென்டிமீட்டருக்கு ஒட்டி வருகிறது. எங்கள் சுவரில் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் இடையில் இருப்பது 138.

அதே வரிசையில் வேறு நிறுவனத்தின் 55 அங்குலம் ஒன்று ஐ.பி.எஸ். பேனலுடன் இருந்தது. 42,500 ரூபாய், தள்ளுபடி என்று பெரிதாக எதுவும் எழுதவில்லை. குறுக்கே 122 சென்டிமீட்டர். இடப்பக்கம் போய் நின்று பார்த்தேன். அரக்கு அரக்காகவே இருந்தது. ஒலி சுமார்தான், கூடத்துக்குப் போதும். வாங்குவதற்கு முன் உத்தரவாதத்தை அழுத்திக் கேட்டேன். என் நாத்தனார் வீட்டு டி.வி.யில் பதினான்காம் மாதம் செங்குத்தாக ஒரு கோடு விழுந்தது. ஒரு வருட உத்தரவாதம் முடிந்திருந்தது. பேனல் மாற்றக் கேட்ட தொகை ஏறக்குறைய புது டி.வி. விலை. அதை அப்படியே குப்பைக்குக் கொடுத்தார்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த 55 அங்குலத்துக்கு பேனலுக்கும் சேர்த்து இரண்டு வருடம். அதை வாயால் சொன்னால் போதாது என்று பில்லிலேயே எழுதி வாங்கினேன்.

சுவரில் மாட்டும் தாங்கிக்குத் தனியாக 850 ரூபாய் ஆனது. மாட்ட வந்தவர் இருக்கும்போதே, பென் டிரைவில் வைத்திருந்த முழுக் கறுப்புப் படத்தைப் போட்டு நான்கு மூலைகளையும் பார்த்தேன். கீழ் வலது மூலையில் மட்டும் மெல்லிய வெளிச்சக் கசிவு, பகலில் தெரியாத அளவு. ஏற்றுக்கொண்டேன். கேபிள்காரரிடம் சொல்லி எச்.டி. பெட்டியும் போட்டாயிற்று.

போகிக்கு முந்தின நாள் ஒரு கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. நான் அடுப்பங்கரையில் இருந்தேன். பாடுகிறவரின் சேலை என்ன நிறம் என்று உள்ளிருந்து கேட்டேன். அம்மா கட்டிலில் படுத்தபடியே, “எம்.எஸ். நீலம், கரை அரக்கு” என்றார். வந்து பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார்.