ஷேர் கோட் நல்ல சேவைதான்; வம்பு அதன் பின்னால் இருக்கும் கணக்கில்

பிரிட்டனில் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலையாக இருந்தாலும் சரி, வங்கியில் மென்பொருள் வேலையாக இருந்தாலும் சரி, விசாவில் இருப்பவரிடம் சேருவதற்கு முன்பே கேட்கப்படுவது ஷேர் கோட். இந்த நாட்டில் வேலை செய்ய உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்று காட்ட ஹோம் ஆபீஸ் (உள்துறை அமைச்சகம்) கவ்.யுகே என்ற அரசுத் தளத்தில் இலவசமாகத் தரும் ஒன்பது எழுத்துக் குறியீடு அது. 2022 ஏப்ரல் 6 முதல் பி.ஆர்.பி. கார்டை (விசாவில் இருப்பவர்களுக்குத் தந்த அடையாள அட்டை) நீட்டினால் செல்லாது. அந்தக் கார்டுகளில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31-ஓடு காலாவதியும் ஆகிவிட்டன. இப்போது இ-விசாதான், அதாவது ஆன்லைனில் இருக்கும் விசாப் பதிவு. அதனால் இந்தச் சேவை பிடித்திருக்கிறதா இல்லையா என்ற பேச்சுக்கு இடமில்லை; எங்கே வழுக்கும் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ‘ப்ரூவ் யுவர் ரைட் டு வொர்க்’ பக்கத்தில் ஆவண எண், பிறந்த தேதி இரண்டையும் கொடுத்தால் போனுக்கோ மின்னஞ்சலுக்கோ ஆறு இலக்க எண் வரும். அதைப் போட்டதும் உங்கள் விசா விவரம் திறக்கும். எதற்காகக் குறியீடு வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ‘வேலை’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் பலர் தடுமாறுவது இங்கேதான். வேலைக்கான குறியீடு டபிள்யூவில் தொடங்கும், வீட்டு வாடகைக்கானது ஆரில், மற்றவற்றுக்கானது எஸ்ஸில். ஆர், எஸ் இரண்டையும் வேலை தருபவர் ஏற்க முடியாது. டிரைவிங் லைசென்ஸுக்கு டி.வி.எல்.ஏ. தரும் செக் கோட் வேறு விஷயம். அது 21 நாளில் காலாவதியாகும். ஷேர் கோட் 90 நாள் தாங்கும். போனில் வாய்விட்டுச் சொல்லாமல் நகலெடுத்து அனுப்புங்கள். சுழியத்தையும் ஓ எழுத்தையும் குழப்பிக்கொண்டு ‘கோட் வேலை செய்யவில்லை’ என்று திரும்பி வருவது சகஜம்.

குறியீடு சரியாக இருந்தும் திறக்காவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது பிறந்த தேதி. நம் ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த தேதி ஒன்று, வீட்டில் கொண்டாடும் தேதி இன்னொன்று என்று இருப்பவர்கள் உண்டு. வேலை விண்ணப்பத்தில் ஒன்றும் பாஸ்போர்ட்டில் வேறொன்றும் இருந்தால் வேலை தருபவரின் திரையில் எதுவும் வராது. பாஸ்போர்ட்டில் உள்ள தேதியையே எல்லா இடத்திலும் கொடுங்கள்.

மறுமுனையில் நடப்பது பலருக்குத் தெரிவதில்லை. வேலை தருபவருக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. அவர் குறியீடு, பிறந்த தேதி, நிறுவனத்தின் பெயர் மூன்றையும் இட்டுத் திறக்க வேண்டும். வரும் புகைப்படத்தை உங்கள் முகத்தோடு நேரிலோ வீடியோ அழைப்பிலோ ஒப்பிட்டு, அந்தப் பக்கத்தைச் சேமிக்க வேண்டும். நீங்கள் வேலையை விட்ட பிறகும் இரண்டு ஆண்டு அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நீங்களே உள்ளே போய் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை மெயிலில் அனுப்பினால் அவருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்காது. ‘படம்தான் அனுப்பிவிட்டேனே, ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்’ என்று சலித்துக்கொள்வதில் பயனில்லை. 2024 பிப்ரவரி 13 முதல், உரிமை இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால் முதல் முறை ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம், மறுபடி மாட்டினால் 60,000 வரை. எச்.ஆர். கறாராக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தப் பகுதிக்கு நல்ல மதிப்பெண் தரலாம். குறை வருவது யு.கே.வி.ஐ. (பிரிட்டன் விசா, குடிவரவுத் துறை) கணக்கில், அதாவது குறியீட்டை எடுக்க உள்ளே நுழையும் வாசலில். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தபடி விசாவுக்குப் போட்டபோது ஏஜெண்டின் மின்னஞ்சலும் ஊர் சிம் எண்ணும் கொடுக்கப்பட்டிருக்கும். இங்கே வந்து புது சிம் போட்டதும் அந்த ஆறு இலக்க எண் எங்கோ போய்விடும். வேலை கிடைத்த வாரத்தில் ஏஜெண்டைத் தேடிக்கொண்டிருப்பதுபோல் கொடுமை வேறில்லை. ஊரை விட்டுக் கிளம்புமுன்பே கணக்கில் உங்கள் சொந்த மின்னஞ்சலைச் சேருங்கள். வந்து சேர்ந்ததும் புது போன் எண்ணை மாற்றுங்கள். அதோடு, எந்த ஆவணத்தைக் காட்டிக் கணக்கு தொடங்கினீர்களோ அதன் எண்தான் உள்ளே நுழையக் கேட்கப்படும். பி.ஆர்.பி.யை வைத்துத் தொடங்கியவர்கள், காலாவதியானதுதானே என்று கார்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் புது எண்ணைக் கணக்கில் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. அது தானாக நடக்காது.

பெயர் இன்னொரு தலைவலி. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிய பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை இருக்கும், பட்டச் சான்றிதழில் வேறு வரிசை, பெண்களுக்குத் திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயர் வேறு. இ-விசா பாஸ்போர்ட்டையே பின்பற்றும். வேலை விண்ணப்பத்திலும் அதே பெயரை அதே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். வித்தியாசம் இருந்தால் திருமணச் சான்றிதழோ, டீட் போல் என்ற பெயர் மாற்றப் பத்திரமோ கேட்பார்கள். கேட்பதில் தவறும் இல்லை.

மாணவர்களுக்கு இந்தச் சேவை பாதி வேலைதான் செய்கிறது. டிகிரி அளவிலோ அதற்கு மேலோ படிப்பவர் பாட காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அதற்குக் கீழே என்றால் 10 மணி நேரம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இரண்டு கடையில் வேலை செய்தால் இரண்டும் சேர்த்துத்தான் கணக்கு. இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15 என்று சராசரி போட்டுக்கொள்ள முடியாது. மணி நேர வரம்பைத் திரை காட்டும், ஆனால் உங்கள் பல்கலைக்கழகத்தின் பாட காலம் எப்போது முடிகிறது என்று காட்டாது. அதனால் வேலை தருபவர் பல்கலைக்கழகத்திடமிருந்து வந்த தேதிகளைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதத்தைக் குறியீட்டோடு சேர்த்தே அனுப்பினால் ஒரு வாரம் மிச்சம். முதுகலை மாணவர்கள் கோடையில் ஏமாறுவதும் இதனால்தான். வகுப்பு முடிந்துவிட்டதே என்று முழு நேரம் சேர்ந்துவிடுகிறார்கள். ஆய்வேடு எழுதும் அந்த மாதங்களும் அவர்களுக்குப் பாட காலம்தான். விடுமுறையாக இருந்தாலும் சொந்தத் தொழில் கூடாது.

ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர்களுக்கு வேறு விதமான ஆபத்து. குறியீடு தாராளமாக வந்துவிடும், புதிய நிறுவனத்துக்கும் அனுப்பிவிடலாம். ஆனால் உங்கள் அனுமதி பழைய ஸ்பான்சரோடு, அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற நிறுவனத்தோடு, கட்டப்பட்டது. புதியவர் ஸ்பான்சர்ஷிப் சான்று தந்து, நீங்கள் விண்ணப்பித்து, முடிவு வந்த பிறகே அங்கே சேரலாம். விதிகளில் அனுமதித்த தொழில் வகைகளில், வழக்கமான பணி நேரத்துக்கு வெளியே, வாரம் 20 மணி நேரம் வரை கூடுதல் வேலை செய்வது தனிக் கதை. ‘கோட் வந்துவிட்டதே’ என்று பழைய வேலையை ராஜினாமா செய்துவிட்டு நிற்காதீர்கள்.

விசா முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவருக்கு வேலை உரிமை தொடர்கிறது. இருந்தாலும் பல நேரம் திரையில் பழைய தேதி முடிந்துவிட்டதாகத்தான் தெரியும். அப்போது வேலை தருபவர் ஹோம் ஆபீஸின் எம்ப்ளாயர் செக்கிங் சர்வீஸில் விசாரிக்க வேண்டும். இதை நீங்கள் செய்ய முடியாது, அவர்தான் செய்ய வேண்டும். உரிமை உண்டு என்று பதில் கடிதம் வந்தால் அது ஆறு மாதம் செல்லும். விண்ணப்பம் அனுப்பிய தேதியைக் காட்டும் தாளைக் கையில் வைத்திருங்கள். சிறு கடைக்காரர்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல் ஆளை நிறுத்திவிடுகிறார்கள். அகதி விண்ணப்பத்தில் இருப்பவர்களின் ஏ.ஆர்.சி. கார்டில் (விண்ணப்பதாரருக்குத் தரும் அடையாள அட்டை) வேலைக்கு அனுமதி என்று எழுதியிருந்தாலும் இதே வழிதான்; கார்டு மட்டும் போதாது.

பழைய இலங்கை பாஸ்போர்ட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான முத்திரை குத்தியபடியே வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டால் முத்திரையை நம்பி வேலை தர முடியாது. ‘நோ டைம் லிமிட்’ விண்ணப்பம் போட்டு இ-விசாவுக்கு மாறுவதே வழி. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் வேலை செய்தவர்களுக்கு வேலை மாறும் நாளில்தான் இது தெரியவரும்.

பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்கு ஷேர் கோட் கிடையாது, கேட்கவும் கூடாது. பாஸ்போர்ட் போதும், காலாவதியானதும் செல்லும். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் பிரிட்டனில் பதிந்த பிறப்புச் சான்றிதழும், என்.ஐ. (நேஷனல் இன்ஷூரன்ஸ்) எண் உள்ள அரசுக் கடிதமோ பழைய நிறுவனத்தின் தாளோ சேர்ந்து செல்லும். என்.ஐ. எண்ணை மட்டுமோ டிரைவிங் லைசென்ஸையோ கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தோல் நிறத்தையோ பெயரையோ பார்த்துச் சிலரிடம் மட்டும் ஆவணம் கேட்பது பாகுபாடு. சோதனை என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்க வேண்டும்.

இ-விசாவில் புகைப்படமோ தேதியோ தவறாக இருந்தால் கவ்.யுகே-யிலேயே பிழையைத் தெரிவிக்கும் படிவம் இருக்கிறது. அது உடனே சரியாகும் என்று நினைக்காதீர்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த அன்றே கணக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள், வேலை உறுதியான பிறகு அல்ல.