போட்டிக் காரை சீசன் லீஸுக்கு எடுக்கும் முன்: சித்தூர், வேலந்தாவளம் பக்கத்துத் தம்பிகளுக்கு எச்சரிக்கை

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமிருந்து ரேலி, ஆட்டோகிராஸ், டிராக் டே என்று மோட்டார் விளையாட்டில் புதிதாக இறங்குகிற தம்பிகளும், அவர்களுக்குப் பணம் கொடுக்கிற அப்பாக்களும் அண்ணன்மாரும் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் சீசன் லீஸ் என்று, அதாவது சீசன் முழுதுக்கும் வாடகைக்கு, போட்டிக் கார் கொடுக்கும் ஒரு கராஜ், நம் தாலுகா இளைஞர் ஒருவரின் ஒன்றரை லட்சம் ரூபாய் டெபாசிட்டை அப்படியே பிடித்துக்கொண்டது. ஜாமான இன்ஜினுக்கு அதற்கு மேலும் பணம் கேட்கிறது. புகார் போகவிருப்பதால் கராஜின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். இந்த வழியை எந்தக் கராஜும் கையாளலாம்.

கார் பழைய மாருதி எஸ்டீம். ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கூண்டு), பக்கெட் சீட் எல்லாம் போட்டது. போட்டிக்கு இவ்வளவு வாடகை, சீசனுக்கு ஒரு டெபாசிட் என்று பேச்சு. “டயர், பெட்ரோல், பிரேக் பேட் மட்டும் உன் செலவு, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம் தம்பி” என்று வாயால் சொன்னார்கள். கையெழுத்து வாங்கிய முத்திரைத்தாளில், ஆங்கிலத்தில், வேறு இருந்தது: கார் இருக்கிற நிலையிலேயே ஒப்படைக்கப்படுகிறது, இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி எதில் சேதம் வந்தாலும் ஓட்டுபவர் பொறுப்பு, சேதத்தின் மதிப்பை உரிமையாளரே முடிவு செய்வார். இந்த மூன்றும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டால், தேய்ந்துபோன இன்ஜினைப் புதிதாக்கும் செலவை எடுப்பவர் தலையில் கட்ட உரிமையாளருக்கு வழி கிடைத்துவிடுகிறது.

முதல் அடி ஸ்க்ரூட்டினியிலேயே, அதாவது போட்டிக்கு முன் நடக்கும் கார்ச் சோதனையிலேயே, விழுந்தது. ஹார்னஸின், அதாவது பந்தய சீட் பெல்ட்டின், காலம் முடிந்திருந்தது. எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் விளையாட்டு அமைப்பு) தரத்து ஹார்னஸில் எந்த ஆண்டு வரை செல்லும் என்று லேபிளிலேயே அச்சடித்திருக்கும். அதே அமைப்பின் 8855-1999 தரத்து சீட்டுக்குத் தயாரித்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டுதான். லேபிளைக் கிழித்திருந்தாலோ, எழுத்து அழிந்திருந்தாலோ அது காலாவதியான சாமான் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி போட்டி நடக்கும் இடத்திலேயே கைக்காசு போட்டுப் புது ஹார்னஸ் வாங்க வேண்டியதாயிற்று. அதுவும் இப்போது கராஜில்தான் கிடக்கிறது.

இரண்டாவது அடிதான் பெரியது. செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓடும்போது நீண்ட வளைவு ஒன்றில் ஆயில் லைட் மினுக்கியது. அடுத்த சுற்றில் இன்ஜின் தட்டத் தொடங்கி ஜாமாகிவிட்டது. கராஜ் சொன்னது ஒரே வார்த்தை: ஓவர் ரெவ், அதாவது இன்ஜினை அளவுக்கு மீறிச் சுழற்றிவிட்டான் என்று. தம்பியைக் கூப்பிடாமலேயே இன்ஜினைப் பிரித்து, நான்கைந்து போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பில்லையும் சேர்த்து அனுப்பினார்கள்.

அந்தப் போட்டோக்களே கராஜுக்கு எதிரான சாட்சி. ஓவர் ரெவ் பெரும்பாலும் தப்பான கியரில்தான் வரும். நாலாவதிலிருந்து மூன்றாவதுக்கு வர வேண்டியவர் அவசரத்தில் முதல் கியருக்குத் தள்ளிவிட்டால், சக்கரம் இன்ஜினைச் சுழற்றும். சுழற்சிக்கு எல்லை வைக்கும் ரெவ் லிமிட்டர் பெட்ரோலையோ ஸ்பார்க்கையோதான் நிறுத்தும், சக்கரத்திலிருந்து வரும் சுழற்சியை அதனால் தடுக்க முடியாது. அப்போது வால்வு ஸ்பிரிங் ஈடுகொடுக்காமல் போய், பல இன்ஜின்களில் வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து இடிக்கும். வால்வு வளையும், பிஸ்டன் தலையில் பிறை வடிவில் தழும்பு விழும். இந்தப் போட்டோக்களில் பிஸ்டன் தலை நான்கும் சுத்தமாக இருக்கிறது, வால்வும் நேராக இருக்கிறது. மாறாக, பிக் எண்ட் பேரிங்கின் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்துப் பேரிங்) மேல்பூச்சு முழுக்கத் தேய்ந்து செம்பு தெரிகிறது. அந்தப் பேரிங் உட்காரும் கிராங்க் ஜர்னல் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறது. இது ஆயில் கிடைக்காமல் செத்த இன்ஜின்.

ஆயில் ஏன் கிடைக்கவில்லை? ரோட்டுக் காரின் சம்ப் (இன்ஜினடியில் ஆயில் நிற்கும் தொட்டி), போட்டி வளைவுக்காகச் செய்ததல்ல. நல்ல கிரிப் உள்ள டயரைப் போட்டு நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பினால், ஆயில் முழுவதும் சம்பின் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும். அங்கிருந்து ஆயிலை எடுக்கும் பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சும். ஆயில் படலம் அறுந்த சில நொடிகளிலேயே பேரிங் உரசத் தொடங்கிவிடும். இதற்குத்தான் சம்புக்குள் தடுப்புத் தகடு வெல்ட் வைப்பது, டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்குக் குறையாமல் ஆயில் நிறுத்துவது, ஆயில் பிரஷர் மீட்டர் வைப்பது எல்லாம். இவை மூன்றும் காரைத் தயார் செய்பவரின் வேலை. வாடகைக்கு எடுத்தவர் சம்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஓட்ட முடியாது.

ஆகவே லீஸ் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது வாடகையை அல்ல, இன்ஜினின் நிலையை. கார் எடுக்கும் நாளில் உங்களுக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவரைக் கூட்டிப் போய்க் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் கழன்றிருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுதாக மிதித்திருக்க வேண்டும், பேட்டரி நன்றாகச் சார்ஜில் இருக்க வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவைக் காட்டும் லீக்டவுன் கேஜ் கிடைத்தால் இன்னும் தெளிவாகும். காற்று ஆயில் மூடி வழியாகச் சீறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். எண்களைத் தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். இதற்கு மறுக்கிற கராஜ் எதையோ மறைக்கிறது, சந்தேகமே வேண்டாம்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: சேதத்துக்கு ஓர் உச்சவரம்பு, அது டெபாசிட்டைத் தாண்டக் கூடாது, மோதலால் வரும் சேதம் தனி, இன்ஜின் கியர்பாக்ஸ் தானாகச் சாவது தனி, எதைப் பிரித்தாலும் இரு தரப்பும் பக்கத்தில் இருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும், உதிரி பாகத்துக்குக் கடை பில், டெபாசிட் திரும்பும் தேதி. ஸ்க்ரூட்டினியில் கார் தோற்றால் வாடகையும் என்ட்ரி பணமும் கராஜ் பொறுப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தமிழிலோ மலையாளத்திலோ, உங்கள் வீட்டார் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் ஒரு பிரதி வாங்குங்கள்.

காகித விஷயத்தில் யாரும் கவனம் வைப்பதில்லை. வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விட மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமில்லை. வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் காருக்குக் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். சாதாரண தனியார் கார் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வாடகைக்கு விடுவது, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, ரிலயபிலிட்டி டிரையல் எல்லாம் அதில் விலக்கப்பட்டிருக்கும். ரேலியில் ஒரு ஸ்டேஜிலிருந்து (நேரம் கணக்கிடும் பந்தயப் பகுதி) அடுத்த ஸ்டேஜுக்குப் பொதுச் சாலையில்தான் போக வேண்டும். அங்கே ஒருவர் மேல் இடித்துவிட்டால், ஒன்றுக்கு இரண்டு காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும். போட்டிக்கென்று கூடுதல் பிரிமியம் கட்டிப் பின்னிணைப்பு வாங்கியிருக்கிறதா என்று பாலிசித் தாளிலேயே பார்த்த பிறகுதான் சாவியை வாங்க வேண்டும்.

கேஜ் போட்ட காரை வாளையார் வழியாகவோ கோபாலபுரம் வழியாகவோ ஓட்டிக்கொண்டு வராதீர்கள். கேரள மோட்டார் வாகனத் துறை மாற்றம் செய்த வண்டி விஷயத்தில் கடுமையானது. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுவரும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

வாங்குவதா, லீஸா? சீசனுக்கு ஒன்றிரண்டு போட்டி என்றால் லீஸ் போதும், மேலே சொன்ன ஒப்பந்தம் கிடைத்தால் மட்டும். போட்டி ஏற்பாட்டாளரே எல்லாருக்கும் ஒரே மாதிரி கார் கொடுக்கும் ஒற்றை மாடல் போட்டிகள் வேறு ரகம், அங்கே இந்தச் சிக்கல் குறைவு. மூன்று, நான்கு போட்டிக்கு மேல் ஓடுவதாக இருந்தால் வாங்குவதே சரி என்பது எங்கள் தீர்மானம். அதுவும் தயாராகப் போட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் காராக வாங்குங்கள். கேஜுக்கும் சஸ்பென்ஷனுக்கும் போட்ட பணம் விற்கும்போது முழுதாக ஒருபோதும் திரும்பி வராது. அந்த நஷ்டத்தை முதல் உரிமையாளர் ஏற்றிருக்கட்டும்.

வாங்கும்போது கேஜைத்தான் முதலில் பாருங்கள். எஃப்.ஐ.ஏ. விதிப்படி மெயின் வளையத்துக்கு (ஓட்டுபவருக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளையம்) 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும், அல்லது 50-க்கு 2.0, இழுத்துச் செய்த தையலில்லாக் குழாய் வேண்டும். தண்ணீர்க் குழாயை வளைத்து வெல்ட் வைத்த கேஜ்கள் இங்கே உண்டு. உருண்டால் அவை ஓட்டுபவர் மேலேயே மடங்கும். திறந்த முனை எங்காவது கிடைத்து, அப்படிப்பட்ட குழாயின் உள்ளே விரலை விட்டுத் தடவினால் நீளவாக்கில் தையல் தட்டுப்படும். மெயின் வளையத்தின் கால் நிற்கும் இடத்தில் 3 மி.மீ. தகடு, குறைந்தது 120 சதுர செ.மீ. பரப்பில், பாடியோடு வெல்ட் ஆகியிருக்க வேண்டும். போல்ட்டில் பிடித்த கேஜ் என்றால் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது மூன்று எம்8 போல்ட். தரைவிரிப்பைத் தூக்கி, முன் சஸ்பென்ஷன் பொருந்தும் ஸ்ட்ரட் டவரிலும் பின் சஸ்பென்ஷன் பிடிப்பிலும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30; தமிழ்நாட்டு வண்டியைக் கேரளத்துக்குக் கொண்டுவந்தால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று; வண்டி மேல் கடன் பதிவாகி இருந்தால் அதை நீக்கப் படிவம் 35. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கேரள எண் வாங்கி வரியும் கட்ட வேண்டும். விற்கிற தம்பிகளும் கேளுங்கள்: ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கராஜ் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காட்டு மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து பதிவு எண் வாங்குங்கள். ஒப்பந்தம், பணம் போன வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு, ஸ்க்ரூட்டினி தாள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பழைய பேரிங், கிராங்க், பிஸ்டன் எதையும் எடைக்குப் போடாமல் வைத்திருக்கச் சொல்லிக் கராஜுக்குப் பதிவுத் தபாலில் இன்றே எழுதுங்கள்.