கோத்தகிரி மார்க்கெட் பக்கத்து கிளினிக் – வயித்து பிரச்சனைக்கு எப்ப பெரிய டாக்டர்னு குழப்பமா இருக்கவங்களுக்கு

மார்க்கெட் தாண்டி மேடு ஏறுனா வர்ற சின்ன கிளினிக்தான் இது, ஒரே டாக்டர், பொது மருத்துவர். பேர் வெளிய வர்றது அவருக்கு புடிக்காது, அதனால போடல. அஞ்சு ஸ்டாருக்கு காரணம் ஒண்ணே ஒண்ணுதான், எந்த கேஸை தானே பாக்கணும் எதை கோயம்புத்தூருக்கு அனுப்பணும்னு இவருக்கு தெளிவா தெரியும், அதை அன்னைக்கே முகத்துக்கு நேரா சொல்லிடுவாரு.

அப்பாவுக்கு ரொம்ப நாளா நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம், மேல் வயித்துல எரிச்சல். மலையில இது யாருக்குதான் இல்ல, விடியக்காலம் வெறும் வயித்துல பால் இல்லாத வர டீ குடிச்சிட்டு தோட்டத்துக்கு போனா இலை எடுத்து முடிச்சு சாப்பிட மூணு மணி ஆயிடும், மெடிக்கல்ல கேஸ் மாத்திரைன்னு கேட்டா ஒரு அட்டை குடுத்துடுவாங்க, கூடவே முட்டி வலிக்கு ஒரு மாத்திரை, அதுவும் சீட்டு இல்லாமதான்.

உள்ள போனதும் டாக்டர் வயித்தை தொடல, அப்பாவோட பெல்ட்டைத்தான் பார்த்தாரு. அப்பா ஆணி வச்சு அதுல புதுசா ஒரு ஓட்டை போட்டிருந்தாரு. "இதை எப்பங்கய்யா போட்டீங்க?" "பொங்கலுக்கு அப்புறம் சாமி." "சாப்பாட்டை நீங்களா கொறைச்சீங்களா?" "இல்லீங்க, எப்பவும் போலத்தான்." அடுத்து கண்ணோட கீழ் இமையை இழுத்து பார்த்தாரு, செகப்பே இல்ல, வெளுத்து கெடந்துச்சு. வெளிக்கி போனா கருப்பா தார் மாதிரி ஒட்டுதா, இரும்புச்சத்து மாத்திரை போடுறீங்களா (அது போட்டாலும் கருப்பா போகுமாம்), முழுங்கும்போது அடைக்குதா, ராத்திரி வலி தூக்கத்துல எழுப்புதா, வீட்டுல யாருக்காவது வயித்துல குடல்ல கேன்சர் இருந்துச்சான்னு பொறுமையா கேட்டாரு. நெஞ்செரிச்சல்னு நாம நெனைக்கிறது சில பேருக்கு ஹார்ட்டா இருக்கும்னு ஒரு ஈசிஜியும் எடுத்துட்டாரு. ரத்த டெஸ்ட்ல ஹீமோகுளோபின் எட்டுதான், அதாவது ரத்தசோகை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன், நம்ம ஊர் ஆளுங்களுக்கு இது ரொம்ப முக்கியம். சின்ன வயசு, வேற தொந்தரவு இல்ல, வெறும் எரிச்சல் மட்டும்னா டாக்டர் பார்த்து குடுக்குற மாத்திரையை சில வாரம் போட்டு, சாப்பாட்டு நேரத்தை மாத்தி பார்க்கலாம். ஆனா எடை தானா எறங்குது, ரத்தம் போகுது, ரத்தசோகை, முழுங்க முடியல, வாந்தி நிக்கல, கண்ணு மஞ்சளாகுது, அம்பது வயசுக்கு மேல புதுசா மலம் போற பழக்கம் மாறுது, இதுல ஒண்ணு இருந்தாலும் கேஸ்ட்ரோ டாக்டர்தான், அதாவது வயிறு குடலுக்குன்னே இருக்குற ஸ்பெஷலிஸ்ட். மாத்திரையை நிறுத்துனா திரும்ப திரும்ப வருதுன்னாலும் ஒரு தடவை காட்டிடணும். ரத்த வாந்தி, இல்ல கருப்பா போயி தலை சுத்துதுன்னா அப்பாயின்ட்மென்ட்லாம் பார்க்காம நேரா எமர்ஜென்சி.

லெட்டர் எழுதி குடுத்தாரு பாருங்க, அதுக்கே தனியா ஒரு ஸ்டார் குடுக்கணும். கேஸ் மாத்திரை போட்டுட்டு இருந்தா வயித்துக் கிருமி டெஸ்ட்ல கிருமி இருந்தும் இல்லன்னு வரலாமாம், அதனால எந்த மாத்திரை எத்தனை நாளான்னு, முட்டி வலி மாத்திரை உட்பட எல்லாம் அதுல இருந்துச்சு. ரத்தசோகை இருக்கறதால மேல எண்டோஸ்கோபி (வாய் வழியா கேமரா குழாய் விட்டு வயித்தை பாக்குறது), கீழ கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியா பெருங்குடலை பாக்குறது) ரெண்டும் கேப்பாங்கன்னும் முன்னாடியே சொல்லிட்டாரு. குடல் சுத்தம் பண்ற மருந்தை வீட்டுல குடிச்சிட்டு பஸ் ஏறிடாதீங்க, குஞ்சப்பனை வளைவுல எங்க எறங்குவீங்க, முந்தின நாளே கீழ போயி பாத்ரூம் கிட்ட இருக்குற மாதிரி தங்குங்கன்னாரு. மேட்டுப்பாளையத்துல அத்தை வீட்டுல தங்கினோம். அந்த மருந்து குடிச்சவங்களுக்குத்தான் இந்த வார்த்தையோட அருமை தெரியும். மயக்க ஊசி போடுவாங்க, அன்னைக்கு முழுக்க கூட ஆள் வேணும், வண்டி ஓட்டக்கூடாது.

கோயம்புத்தூர்ல தொண்டையில ஸ்பிரே அடிச்சு குழாய் விட்டாங்க, கொஞ்ச நேரத்துல முடிஞ்சிருச்சு. சிறுகுடல் ஆரம்பத்துல புண்ணு, ஹெச் பைலோரிங்கற அந்த வயித்துக் கிருமியும் இருந்துச்சு, வலி மாத்திரையும் சேர்ந்து கெடுத்திருக்கு. பெருங்குடல்ல ஒண்ணும் இல்ல. நாம காரத்தையே குத்தம் சொல்லிட்டு இருக்கோம், இந்த கிருமியாலயும் அல்சர் வரும்னு கண்டுபிடிச்ச ஆஸ்திரேலியா டாக்டருங்க ரெண்டு பேருக்கு 2005லயே நோபல் பரிசு குடுத்தாச்சு, அதுல பேரி மார்ஷல் அந்த கிருமியை தானே குடிச்சு பார்த்தவரு! அப்பாவுக்கு 14 நாள் ஆன்டிபயாடிக் கோர்ஸ், முட்டி வலி மாத்திரை கட். இப்ப நல்லா சாப்பிடுறாரு, எடையும் ஏறுது.

குறைன்னா டோக்கன் கிடையாது, சாயங்காலம் கூட்டம் ரோடு வரைக்கும் நிக்கும், மழை நாள்ல ஒதுங்க எடமில்ல, வயசானவங்களுக்கு அந்த படி ரொம்ப கஷ்டம், ஒரு கைப்பிடியாவது வச்சா நல்லாருக்கும். காலைல போனா சீக்கிரம் பார்த்துடலாம். போடுற மாத்திரை அட்டைங்களை, காலி ஆனதைக்கூட, ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, அவர் முதல்ல அதைத்தான் கேப்பாரு.